மூன்று யூரோ ஊதாப்பூ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குரோஷியாவில் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போன இடத்தில் மாட்டிய கதை இது. துப்பறியும் தொடர்கதையில் கொலைகாரர்களைப் பிடித்தே பழகிய கைக்கு ஒரு செடி பிடிபட மாட்டேன் என்கிறது. பாருங்கள்:

‘சந்தைக் கடைகளின் சிவப்புக் குடைகளுக்குக் கீழே அந்த ரகசியம்...’ (சீ!)

‘பூங்காவில் காலை ஒன்பது மணிக்கு ஒரு மர்ம...’ (மர்மமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.)

2

நேராகவே வருகிறேன். டிஹானா சுற்றுலா வழிகாட்டி. ஐரோப்பா சுற்ற வந்த பதினெட்டுப் பேரைக் காலையில் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஊதாப்பூவைக் காட்டி, “நாட்டுலயே இது ஒண்ணுதான்” என்றாள். பதினெட்டு வாயும் பிளந்தன.

பதினொரு மணிக்குச் சந்தை. அங்கே, சீஸ் கட்டிகளுக்குப் பக்கத்தில் அதே பூ. ஆறு தொட்டி. தொட்டி மூன்று யூரோ!

விற்றவள் டிஹானாவின் மாமியார் யாகொடா. அவள் மகன் கிரெஷோ அந்தப் பூங்காவில் தோட்டக்காரன், டிஹானாவின் கணவன். [முடிச்சு அதிகம்தான். சின்ன ஊர், நான் என்ன செய்ய?]

3

“அத்தை, இதை மூடுங்க! திருடிட்டு வந்ததுன்னு தெரிஞ்சா அவர் வேலை போயிடும்!”

“எதுக்குடி மூடணும்? பூ என்ன அம்மணமாவா நிக்குது? என் புள்ள திருடனா? நம்ம கோழிக்கூண்டு ஓரத்துல இது காடா மண்டிக் கிடக்கு. அதுல ஒண்ணைப் புடுங்கித்தான், மலையில கண்டுபிடிச்சேன்னு அங்க குடுத்தான்.”

டிஹானா கணக்குப் போட்டாள். திருட்டு என்றாலும் வேலை போகும். பொய் என்றாலும் போகும்.

4

முடிவு ஒன்று: ஆறு தொட்டியையும் டிஹானாவே வாங்கிவிடுகிறாள். எழுதினேன். “மருமகளுக்கு விக்க மாட்டேன்” என்று யாகொடா அந்த வரியை அடித்துவிட்டாள்.

முடிவு இரண்டு: மழை வந்து சந்தை கலை... (ஜூலையில் மழையா? போதும்.)

நடந்தது வேறு. எங்கள் ஊர்க்காரர்கள் டாக்டரை மாற்றுவார்கள், சீஸ்காரியை மாற்ற மாட்டார்கள். பூங்கா இயக்குநருக்கு யாகொடாதான் சீஸ்காரி. அன்று சனிக்கிழமை. வந்துவிட்டார்.

ருசி பார்க்க நீட்டிய துண்டை வாயில் போட்டவர் கண் தொட்டிகளில் நின்றது. மென்றுகொண்டே, “இ... இது...” என்றார்.

“மூணு யூரோ. உங்களுக்குன்னா ரெண்டு” என்றாள் யாகொடா.

டிஹானா வெங்காயத்தோடு நின்ற என்னைப் பார்த்தாள். “கதை எழுதறவர்தானே? ஏதாவது சொல்லுங்களேன்!”

முந்நூறு அத்தியாயம் எழுதியவனுக்கு ஒரு பொய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம்; அவர் சீஸை விழுங்கப் போகிறார்.