மாடி இறங்கிய முற்பகல்

மரைன் ஹில்லில் இருக்கும் அந்த அரசு அலுவலகத்தின் மாடி, ராணி பணியில் சேர வந்த திங்கட்கிழமை முற்பகலில் தரைக்கு இறங்கி வந்தது. இடிந்து விழவில்லை, விரிசல் விடவில்லை. பாயில் உட்காருகிறவரைப் போல நிதானமாக இறங்கி அமர்ந்தது. வங்காளி டைப்பிஸ்ட் அம்மாவின் டீ சாஸரில் கொஞ்சம் சிந்தியதோடு சரி. தரைத்தளத்தில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரியின் அறை, அதிகாரியோடு சேர்ந்து மேலே போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் படியிறங்கியபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

ராணி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் ஓய்ந்துபோயின. நாக்கு மட்டும் அந்தக் கால்களுக்கும் சேர்த்து ஓடும். மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களைப் பல வருஷம் நிரப்பாமல் வைத்திருந்தவர்கள் ஒருவழியாக விளம்பரம் கொடுத்தார்கள். அவள் பரீட்சை எழுதி கிளார்க் வேலை வாங்கிவிட்டாள். அடேயப்பா, தோட்டம் முழுக்க அன்று இனிப்புதான். புரோத்ராபூரில் ஆட்டோ ஓட்டும் தம்பி ரவிக்குமார் அவளைச் சக்கர நாற்காலியோடு கொண்டுவந்து அலுவலக வராந்தாவில் விட்டான். அன்று முற்பகலுக்குள் சேராவிட்டால் நியமனம் ரத்து. அவளுடைய மேசையோ மாடியில். லிஃப்ட் கிடையாது. சாய்தளம் கட்டும் யோசனை, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் சிமெண்ட் வரட்டும், வரட்டும் என்றே கிழடுதட்டிப் போயிருந்தது.

தலைமை எழுத்தர் பாலகுமார் மதுரைக்காரர், நல்ல மனுஷன். அதுதான் வம்பே. கால் கை முடியாதவர்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். முன்பு ஒருவரை அப்படித்தான் கருணையோடு வீட்டில் உட்கார வைத்தார்கள்; அவருடைய ஓய்வு விழாவில்தான் கூட வேலை பார்த்தவர்கள் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

“டென்ஷன் மத் லோம்மா, கவலைப்படாதீங்க. இங்கேயே கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுங்க. சம்பளம் மாசாமாசம் தானா வந்துடும்” என்றார் பாலகுமார்.

ராணிக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூட மைதானத்திலும் கல்யாண வீட்டிலும் அவளை எல்லாரும் ஓரமாக உட்காரத்தான் சொல்லியிருக்கிறார்கள். இப்போது சம்பளம் கொடுத்து உட்காரச் சொல்கிறார்கள். பியூன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வந்தார்கள். அவர்களையும் வேண்டாமென்று தடுத்துவிட்டாள்.

“இன்னைக்குத் தூக்குவீங்க, தினமும் தூக்க ஏலுமா? எனக்குச் சும்மா காசு வேணாம் சார். என் மேசையில எனக்கு வேலை வேணும். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

இருந்தாள். வீம்பு பிடித்து வேலையைத் தொலைத்துவிடாதே அக்கா என்று ரவிக்குமார் காதோடு காதாகக் கெஞ்சினான். அவள் நாற்காலியின் பிரேக்கை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாலகுமார் கடிகாரத்தைப் பார்ப்பதும் வழுக்கையைத் துடைப்பதுமாக இருந்தார். பன்னிரண்டு அடிக்கப் போகிற நேரத்தில்தான் மாடி இறங்கியது. ராணி யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சக்கரத்தைத் தள்ளி உள்ளே போய், மேசை எது என்று கேட்டு, கையெழுத்திட்டு, முதல் கோப்பைப் பிரித்தாள். அப்புறந்தான் அழுதாள், அதுவும் கொஞ்ச நேரம்.

மறுநாள் ஆட்டோ கேட்டுக்குள் நுழைந்ததும் மாடி இறங்கியது, சாயங்காலம் ஏறிக்கொண்டது. பொறியாளர் வந்து டேப் பிடித்துப் பார்த்து, கட்டடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். மூட்டுவலிக்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அவள் வரும் நேரம் பார்த்தே மனுக்கொடுக்க வந்தார்கள். படியேறி இறங்கிப் பெரிய அதிகாரிக்குத் தொப்பை கரைந்தது. ராணி லீவு போட்டால் மாடி மேலேயே இருந்துவிடும். மற்ற கிளார்க்குகள் மூச்சிரைக்க ஏறி அவளைத் திட்டுவார்கள்.

அடுத்த வருஷம் ஹேடோவில் வேறொரு அலுவலகத்துக்கு, ஊன்றுகோலோடு நடக்கும் நந்தகுமார் என்கிற இளைஞனுக்கு உத்தரவு வந்தது. அங்கேயும் மேசை மாடியில்தான். அந்த அலுவலகத்துத் தலைமை எழுத்தர் குழந்தைவேலு, அவனை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடலாமா என்று பாலகுமாரிடம் போனில் யோசனை கேட்டார். பாலகுமாருக்கு எதிரே ராணி ஒரு காண்டிராக்டரைக் கோப்பும் கையுமாக வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பாவத்தை மட்டும் பண்ணிடாதீங்கண்ணே. மேசையைத் தொடச்சுப் போட்டு வைங்க” என்றார் பாலகுமார். “அலமாரியைச் சுவரோட சேர்த்துக் கட்டிடுங்க. எறங்குறப்போ லேசா ஆடும்.”

குழந்தைவேலு கயிறு வாங்கிவர ஆளனுப்பினார்.