அறையில் இன்னொரு வெப்பம்

ஐந்தில் ஒரே ஒரு வில்லைதான் பாக்கி. அதையும் எரித்துவிட்டால் அந்தப் பொருள் தீர்ந்தது. செய்து கொடுத்தவர் இனி முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

லுண்ட் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் நிலவறை. கதவைச் சாத்திக்கொண்டு சிக்னே தராசைப் பார்த்தபடி நின்றாள்.

கரியையும் ஹைட்ரஜனையும் நேராகச் சேர்த்து அந்தப் பொருளை ஆக்க முடியாது. அது உருவாகும்போது எவ்வளவு வெப்பம் என்று அறியச் சுற்றுவழிதான் உண்டு. பொருளை நீர் சூழ்ந்த கருவிக்குள் எரித்து, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளக்கவேண்டும். அதே அளவு கரியும் ஹைட்ரஜனும் எரிந்தால் எவ்வளவு என்பது ஏற்கெனவே தெரியும். எப்படி எரித்தாலும் மிஞ்சுவது அதே கரியமில வாயு, அதே தண்ணீர். கழித்தால் விடை. வம்பு எங்கே என்றால், ஆயிரத்தைந்நூறு சொச்சத்திலிருந்து ஆயிரத்தைந்நூறைக் கழித்து ஓர் இருபது கிலோகலோரியைப் பிடிக்கவேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் போச்சு.

சிக்னேயின் விடை இருபத்திரண்டு. அதே பொருளை அளந்த ஹாலந்துக்காரர்கள் இருபது என்றார்கள். கடைசி வில்லையும் அவள் பக்கம் பேசாவிட்டால் ஹாலந்து எண்தான் அட்டவணையில் அச்சேறும் என்று புரொஃபசர் ஹெடின் கறாராகச் சொல்லியிருந்தார். நாலு வருஷ உழைப்பு.

பிர்யெர் காபிக் கோப்பையோடு கதவைத் திறந்து வாசலில் நின்றான். கருவிக்கு அளவு திருத்திக் கொடுப்பவன் அவன். மேலே வந்து எல்லோரோடும் குடிக்கலாமே என்று வழக்கம்போல் கேட்டான். வழக்கம்போல் மறுத்தாள்.

"உனக்குக் காய்ச்சல் வந்தப்போ மூணாவது வில்லைய நான் எரிச்சேனே, அது என்ன பாவம் பண்ணுச்சு? இருபதுன்னு வந்ததும் தூக்கிக் குப்பையில போட்டுட்டே."

"அது கெட்டுப்போன சோதனை ஓட்டம்."

"என்னத்த கெட்டுச்சு? அளவு திருத்துறப்போ எப்படியோ அப்படித்தான் மூலை நாற்காலியில உக்காந்து தொலைநோக்கிக் குழாய் வழியாத் தெர்மாமீட்டரப் படிச்சேன். உன்னை மாதிரி முக்காலியப் போட்டு மெஷினக் கட்டிக்கிட்டு உக்காரல."

சிரித்துவிட்டுப் போய்விட்டான். சிக்னே சிரிக்கவில்லை. முக்காலியைப் பார்த்தாள். அதற்கும் கருவிக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை.

மூன்றாவது ஓட்டத்தில் கருவியருகே என்ன குறைந்தது? அவள்.

முக்காலியை வெளியே வைத்தாள். வில்லையை ஏற்றினாள். மூலைக்குப் போய் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். நீரைக் கலக்கும் விசிறியின் முனகல் அங்கே கேட்கவில்லை. தொலைநோக்கியில் தெரிந்த பாதரசம் தன்பாட்டுக்கு ஏறி நின்றது.

கணக்குப் போட்டாள். மறுபடியும் போட்டாள். இருபது.

இந்த நிலவறைக்கு வந்த பதினோரு வருஷத்தில் அவள் உடம்பின் சூட்டை யாராவது உணர்ந்திருந்தால், அது அந்தத் தெர்மாமீட்டர்தான்.

மறைக்கலாம். பார்த்தவர் யாருமில்லை. நேராக ஹெடினிடம் போனாள்.

"ஹாலந்துக்காரங்க சொன்னதுதான் சரி, புரொஃபசர். மத்த மூணும் என்னால வந்த தப்பு. பக்கத்துல உக்காந்துட்டேன்."

"விதி தெரியாதா உங்களுக்கு? ஏன் உக்காந்தீங்க?"

"அங்க உக்காந்தா விசிறிச் சத்தம் துணைக்குக் கேக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹாலந்து எண்ணே போகட்டும் என்றார்.

இறங்கி வந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு காபி அறைக்கு ஏறினாள். எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பிர்யெரின் கோப்பை கழுவாமல் கிடந்தது. மேசையருகே முக்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.