விசாரித்த ஊர்

"நான் என்ன கோர்ட்டுக்கோ போனனான், சத்தியக் கடதாசி முடிக்க? ஊரிலை போய்க் கேளடா எண்டாய், போய்க் கேட்டுக்கொண்டு…"

"எந்த ஊரிலை கேட்டனீ? முதல் அதைச் சொல்லு."

"புதுக்குடியிருப்பிலை. ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸிலை குந்தி, நாரியெலும்பு விட்டுப்போய்…"

"முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பிலை. இஞ்சை பார், இதிலை என்ன கிடக்கெண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்."

சுதர்சினி கல்யாணக் கார்டின் மாதிரியைத் தம்பி கஜேந்திரனின் மூக்குக்குக் கீழே நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய் தவமலர் பிழை திருத்தி அனுப்பியிருந்தாள். 'புதுக்குடியிருப்பைச் சேர்ந்த காலஞ்சென்ற வரதராசா' என்று அச்சுக்காரன் போட்டதற்கு முன்னால், நீலப் பேனையால் 'மட்டக்களப்பு' என்று ஒரு சொல். பின்னேரத்துக்குள் அச்சுக்காரனுக்கு முடிவு சொல்ல வேண்டும்.

"ஒரே பேரிலை இரண்டு ஊர் இருக்குமெண்டு எனக்கென்ன சாத்திரமோ தெரியும்?" என்றான் கஜேந்திரன்.

"உனக்கோ தெரியாது?" என்றாள் சுதர்சினி.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு முன், மகள் நிஷாந்திக்குப் பேசி வந்த இடத்தை விசாரிக்க இவன் போனான். பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில், மாப்பிள்ளையின் தகப்பன் பேரைச் சொல்லி, கொழும்புக்குப் போன வரதராசாவைத் தெரியுமோ என்று கேட்டான். "அவரோ? தங்கமான மனுசன். பள்ளிக்கூடத்துக்குக் காணி எழுதிக் குடுத்தவரெல்லோ" என்றார் கடைக்காரர். அந்த ஒரு பேச்சோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். ஒரு ஊர் வரதராசா செய்த புண்ணியம் கொழும்பு வெள்ளவத்தையில் சுதர்சினி வீட்டுக்கு வந்து இன்னொரு ஊர் வரதராசாவின் தலையில் கிரீடமாய் ஏறிக்கொண்டது.

அதைவிடச் சுதர்சினியைக் குடைந்தது வேறு. கொட்டாஞ்சேனையில் தவமலர் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போன அன்று, "காணி குடுத்த குடும்பமெண்டு கேள்விப்பட்டனாங்கள்" என்று அவள்தான் கதையைத் தொடங்கினாள். தவமலர் தேத்தண்ணியைக் கலக்கியபடி, "அவர் ஆருக்கும் இல்லையெண்ணாத மனுசன்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னவள்? சொல்லிவிட்டு ஏன் சிரித்தவள்? செத்த மனுசனின் படத்தை ஏன் உள்ளறையில் மாட்டி வைத்திருக்கிறாள்? நிச்சயதார்த்தத்துக்கு ஊரிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லையே, அது ஏன்? பேச்சை வைத்து ஊரைப் பிடிக்கவும் வழியில்லை. தவமலர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"சட்டையைப் போடு. நேரே போய்க் கேப்பம்."

ஓட்டோ காலி வீதி நெரிசலுக்குள்ளால் போகும்போது கஜேந்திரன் மெல்லத் தொடங்கினான்.

"அக்கா, ஊர்க்கதையை அவ்வளவு இழுக்காதை. இழுத்தால் எங்கடையும்…"

"வாயை மூடு. டிரைவருக்குத் தமிழ் விளங்கும்."

வெள்ளவத்தையில் யார் ஊரைக் கேட்டாலும் சுதர்சினி "நல்லூர்" என்பாள். கேட்டவர்களே கோயிலையும் தேரையும் யாழ்ப்பாணத்தையும் மனதில் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். அவளுடைய நல்லூர் திருகோணமலைப் பக்கம், மூதூரைத் தாண்டி இருக்கிறது. அவள் பொய் சொன்னதில்லை. எந்த நல்லூர் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. முப்பது வருசத்தில் பக்கத்து வீட்டாரின் யாழ்ப்பாணப் பேச்சும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆனால் நிஷாந்திக்கு முன்பு பொருந்தி வந்த இரண்டு இடமும் யாழ்ப்பாணத்து நல்லூருக்கு ஆள் அனுப்பி விசாரித்தன. அங்கே இவர்களை அறிந்த சனம் ஒன்றுமில்லை. "பிறகு சொல்லுறம்" என்றவர்கள் பிறகு சொல்லவேயில்லை. பிள்ளைக்கு இப்போது முப்பத்திமூன்று. தன்னில்தான் ஏதோ குறை என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

தவமலர் கதவைத் திறந்தாள். "வாங்கோ. மகன் யோகராஜ் வேலைக்குப் போயிட்டான். இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்."

"தேத்தண்ணிக்கு வரேல்லை. காணி குடுத்த வரதராசா உங்கடை மனுசனோ?"

"இல்லை."

"அது அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் வாயைத் திறக்கேல்லை?"

"நீங்கள் கதிரையிலை இருக்க முதலே காணியைக் குடுத்துப்போட்டீங்கள், அக்கா. நான் யோகராஜின்ரை முகத்தைப் பாத்தன். அவன்ரை தேப்பனைப் பற்றி ஒருத்தர் நல்ல வார்த்தை சொல்லி அவன் கேட்டது அண்டைக்குத்தான்."

"ஏன், மனுசன் என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. புறக்கோட்டையிலை மூட்டை தூக்கினவர். காணி வாங்கவுமில்லை, குடுக்கவுமில்லை."

கஜேந்திரன் சிரிப்பை விழுங்கினான். சுதர்சினிக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு லேசான உண்மைக்கு யாராவது இரண்டு மாதம் மௌனம் காப்பார்களா? அடியில் இன்னும் ஏதோ கிடக்கிறது.

"ஊராக்கள் ஒருத்தரும் ஏன் வரேல்லை?"

"அவர் பன்னிரண்டு வயசிலை கொழும்புக்கு வந்தவர். அங்கை இப்ப ஒரு தங்கச்சிதான். அவவுக்கு நடக்க ஏலாது."

"அப்பிடித்தான் நீங்கள் சொல்லுறீங்கள்."

"ஒளிக்கிறவள் கார்டிலை மாவட்டத்தை எழுதி அனுப்புவளோ? இதுக்கு மேலை மறைக்க ஏலாமல்தான் எழுதினனான்."

"அப்ப இவ்வளவு நாளும் மறைச்சது மெய்தானே" என்றாள் சுதர்சினி, பிடி கிடைத்தது போல. "கார்டு அடிக்கிறதை நிப்பாட்டுறன். தம்பி நாளைக்கு மட்டக்களப்புக்குப் போவான். சரியான ஊரிலை விசாரிச்சுப்போட்டுத்தான் மிச்சக் கதை."

தவமலருக்குக் கோபம் வரவில்லை. எழும்பிப் போய் மூன்று கோப்பையில் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். கஜேந்திரன் அக்காவைப் பார்க்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"விசாரிக்கத்தான் வேணும். பொம்பிளைப் பிள்ளையைக் குடுக்கிறனீங்கள்" என்றாள் தவமலர். சுதர்சினிக்கு முன்னால் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தாள். "நாங்களும் ஒருக்கா விசாரிக்க வேணும். என்ரை தம்பி லீவு போட்டிட்டு நிக்கிறான். மூதூரிலை பஸ்ஸாலை இறங்கி, அவன் ஆரின்ரை வீட்டிலை போய்க் கேக்கிறது, அக்கா?"