மலைக்கு முதுகு காட்டிய மேஜை

சகாதேவன் நாற்காலியில் சாய்ந்தார். மேஜை மேலிருந்த இரண்டு பெரிய திரைகளும் ஒன்றாக இருண்டன.

"பார்த்தியா? நான் உக்காந்தா போயிடுது. நீ நின்னா வருது" என்றார், வேதா அந்தத் திரைகளுக்கு ஏதோ சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாள் என்பது போல.

வேதா திரையின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். இந்த மனிதரிடம் பேசுவதைவிடத் திரையிடம் பேசலாம். அதற்காவது எப்போதாவது வெளிச்சம் வரும்.

அண்ணாமலை அடிவாரத்து வேங்கிக்காலில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது சகாதேவனின் கம்பெனி. அவர் அறை ஜன்னலில் மலை தெரியும். வெளிநாட்டு ஃபர்னிச்சர் கம்பெனிகளின் விளம்பரப் படங்களில் நிறத்தைத் திருத்திக் கொடுப்பதுதான் தொழில். கம்ப்யூட்டர், நெட், வயர் எல்லாம் வேதாவின் பொறுப்பு. சேர்ந்து ஆறு மாதம் ஆகப் போகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சகாதேவனைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டால் போதும். கெட்டது நடந்தால் 'எல்லாம் அண்ணாமலையார் சோதனை' என்பார். நல்லது நடந்தால் அண்ணாமலையாரை அதில் இழுக்க மாட்டார்.

"பதினோரு மணிக்கு டென்மார்க் கம்பெனி அம்மா வீடியோ லைன்ல வரும்" என்றார். "இடது பக்கம் பழைய படம், வலது பக்கம் நாம திருத்தின படம். ரெண்டையும் வச்சுக்கிட்டு அந்தம்மா கண்ணெதிர்ல நிறத்தை மாத்திக் காட்டணும். நடுவுல திரை போச்சுன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா நீ சாயங்காலமே சென்னை பஸ் ஏறிடலாம்மா. லெட்டர்கூட டைப் பண்ணி வச்சுட்டேன்."

மேஜை இழுப்பறையைத் தட்டிக் காட்டினார். பொய் சொல்லவில்லை. மிரட்டல் விஷயத்தில் மட்டும் அவர் சொன்ன சொல் தவறாதவர்.

சென்னை. அங்கேதான் வேதா முன்பு வேலை பார்த்தாள். மகள் கவிநிலாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பிய வருஷங்கள் அவை. ஒரு தடவை குழந்தை அவளைப் பார்த்து "ஆன்ட்டி" என்று ஆரம்பித்துவிட்டுத் திருத்திக்கொண்டாள். இந்த ஊரில் வேதாவின் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனி இது ஒன்றுதான். அதனால்தான் இந்த மனிதரை 'சார்' என்று அழைத்துக்கொண்டிருந்தாள்.

சிக்கல் எல்லாம் ஒரு டாக்கில் ஆரம்பித்தது. டாக் என்பது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு வயர் அதற்குப் போகும். அங்கிருந்து திரைகள், நெட், கீபோர்டு, கரெண்ட் எல்லாம் பிரியும். லேப்டாப்புக்கு ஏற்ற டாக்காகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வேதா பார்த்து ஒன்றைச் சொன்னாள். சகாதேவன் தன் மச்சான் சக்கரவர்த்தியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வேறொன்றை வாங்கி வந்தார். கடையில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "வயர் செருக எத்தனை ஓட்டை?"

"நீ சொன்னதுல ஆறு, இதுல பன்னெண்டு. எது ஜாஸ்தி? இன்ஜினியரிங் படிச்சவதானே, நீயே சொல்லு."

பன்னிரண்டு ஓட்டை டாக்கில் இரண்டு திரை மாட்டினால் இரண்டிலும் ஒரே படம் வந்தது. திரைக்கு ஒரு படமாகப் பிரித்துக் காட்ட அந்தப் பெட்டிக்குத் தெரியாது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டிய கம்பெனிக்கு அது எதற்கு? விற்ற பொருள் திரும்பாது என்று மச்சான் கையை விரித்தார். பன்னிரண்டு ஓட்டை இப்போது சகாதேவனின் மேஜையில் பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

பிறகுதான் வேதா சொன்ன டாக் வந்தது. அதுவும் மச்சான் கடை வழியாகத்தான். வந்த அன்றே, ஊழியர்கள் திருடிவிடுவார்கள் என்று சுவரில் ஓர் இரும்புக் கூண்டு அடிக்கச் சொல்லி, அதற்குள் வைத்துப் பூட்டினார் சகாதேவன். கிளி வளர்க்கிறார் போல என்று ஆபீஸே சிரித்தது. ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. போன வாரத்திலிருந்து இந்தக் கண்ணாமூச்சி.

டாக்கின் டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தாள். அடாப்டர் போதுமானதா என்று பார்த்தாள். வேறு லேப்டாப் வைத்துப் பார்த்தாள். அவள் பார்க்கும்போதெல்லாம் வேலை செய்தது. பழைய சரக்கை மச்சான் புதுப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறான் என்று முடிவு கட்டினாள். அந்தக் குடும்பத்தைப் பற்றி எதையும் நம்புவதற்கு அவளுக்குக் கஷ்டமாக இல்லை.

சகாதேவன் ரிசப்ஷனுக்குப் போனதும், பேப்பரை எடுப்பதற்காகப் பன்னிரண்டு ஓட்டையைத் தூக்கினாள். அதன் வயர் தொங்கியது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரும், அதற்குமேல் கொஞ்சம். அவ்வளவுதான்.

வேதா அதைச் சுவர்க் கூண்டின் பக்கம் நீட்டிப் பார்த்தாள்.

எல்லா டாக்குக்கும் வால் குட்டைதான். கூண்டு சுவரில் இருக்கிறது. மேஜையோ சுவரைவிட்டுத் தள்ளி. நடுவில் ஒரு சுழல் நாற்காலி, அதில் சகாதேவனின் மொத்த உடம்பு. அந்தக் குட்டை வால் எப்படி லேப்டாப் வரை வந்தது?

"இருசப்பண்ணே, கொஞ்சம் வாங்க."

எலக்ட்ரீஷியன் இருசப்பன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"இந்த மேஜை முன்னாடி சுவர் ஓரமா தானே இருந்துச்சு?"

"ஆமா மேடம். போன ஞாயித்துக்கெழம திருப்பினோம். ஆரணியிலிருந்து வாஸ்து பாக்கறவர் வந்தாரு. மொதலாளி மலைக்கு முதுகு காட்டி உக்காந்திருக்காருன்னு சொல்லிட்டாரு."

"வயர் எட்டுச்சா?"

"எட்டல. எக்ஸ்டென்ஷன் வயர் ஒண்ணு போட்டு, கார்ப்பெட்டுக்கு அடியில வுட்டுட்டேன். நீட்டா இருக்குல்ல?"

வேதா தரைவிரிப்பை விலக்கினாள். இரண்டு வயர்கள் சேரும் இணைப்பு சரியாக நாற்காலி உருளும் தடத்தில் கிடந்தது. சக்கரம் ஏறி ஏறி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. படத்தைச் சுமக்கும் இந்த வயரை இப்படி ஒட்டுப் போட்டு நீட்டவே கூடாது. நீட்டியது போதாதென்று அதன்மேல் தினமும் தொண்ணூறு கிலோ பக்தி ஏறி இறங்கியிருக்கிறது. அவள் நின்றுகொண்டே சோதித்தாள். அதனால் அவளுக்கு எப்போதும் வேலை செய்தது.

மச்சான் மேல் தப்பில்லை. அது அவளுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

"கூண்டைத் திறந்து டாக்கை மேஜைக்குக் கொண்டுவரலாமே?"

"சாவி மொதலாளி வீட்டுல. வீடு மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலைல. இன்னைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்டை அடைச்சுட்டாங்க."

"உடைங்க."

"ஒடையாது மேடம். நான் அடிச்ச வெல்டிங்" என்றார் இருசப்பன் பெருமையாக. முட்டாள்தனத்தைக்கூட இந்த ஆபீஸில் உறுதியாகச் செய்வார்கள்.

வேதா சகாதேவனிடம் போய் நேராகச் சொன்னாள். மேஜையைப் பழையபடி சுவரோடு ஒட்டினால் போதும், திரை போகாது.

"மலைக்கு முதுகு காட்டிக்கிட்டா? நானா?" சகாதேவன் காதைப் பொத்திக்கொண்டார். "பௌர்ணமி அதுவுமா இந்தப் பேச்சு வேணாம். உன் வயரைச் சரி பண்ணு. சுவாமிய சரி பண்ணாத."

சொல்லிவிட்டு ரிசப்ஷன் பூஜை அலமாரி முன்னால் நின்று மணியைக் கையில் எடுத்தார். பௌர்ணமியன்று அவர் அடிக்கும் மணி கீழே டைல்ஸ் கடை வரை கேட்கும்.

வேதா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க."

"மொதலாளி சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

இருசப்பன் தயங்கினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், பிடித்தார். வெளியே மணி வெறிபிடித்தது போல அடித்தது. மேஜையின் கால்கள் தரையில் கிறீச்சிட்டது யாருக்கும் கேட்கவில்லை. திருப்பினார்கள், சுவரோடு ஒட்டினார்கள். வேதா ஒட்டு வயரைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, டாக்கின் சொந்த வாலை லேப்டாப்பில் செருகினாள். இரண்டு திரைகளும் எழுந்தன. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். உருண்டாள், குதித்தாள். திரைகள் அசையவில்லை.

மணி நின்றது. கதவு திறந்தது. கையில் கற்பூரத் தட்டோடு சகாதேவன்.

"யாரைக் கேட்டு..."

லேப்டாப் ஒலிக்க ஆரம்பித்தது. டென்மார்க்.

"எடுக்கட்டுமா, வேணாமா சார்?" என்றாள் வேதா. "எடுக்கலன்னாலும் நான் சென்னை பஸ்தான். எடுத்து திரை போனாலும் அதேதான். ஆர்டர் உங்களோடது."

சகாதேவன் தட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவருடைய பக்தி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்துகொள்ள வேதா காத்திருந்தாள். மூன்றாவது ரிங்குக்குள் தட்டை இருசப்பன் கையில் திணித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

திரைகள் போகவில்லை. ஒரு சோபாவின் நீலம் அந்தம்மாள் கேட்டபடி மாறியது, இன்னொன்றின் பழுப்பு மாறியது. சகாதேவன் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு தடவை பின்னால் உருண்டார். அப்போதும் போகவில்லை.

முடிக்கும்போது அந்தம்மாள் கேட்டாள், உங்களுக்குப் பின்னால் ஜன்னலில் தெரிகிறதே, அந்த மலை என்ன மலை? எவ்வளவு அழகு. ஆர்டரை நாளைக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னாள்.

"நான்தான் மேடம்" என்றார் சகாதேவன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "மலை தெரியணும்னு நான்தான் இந்த மேஜையை இப்படிப் போடச் சொன்னேன்."

லைன் நின்றதும் எழுந்து வேட்டியை இறுக்கினார்.

"இருசப்பா, வெளிய இருக்கற மேஜையெல்லாம் இதே மாதிரி திருப்பிடு. மலை நமக்குப் பின்னாடி நின்னு தாங்கணும். அதுதான் முறை." இழுப்பறையைத் திறந்து லெட்டரை எடுத்து நான்காகக் கிழித்தார். "நாளையிலிருந்து நீ பர்மனென்ட்டும்மா. நான் யாரையும் கைவிடமாட்டேன்."

"கூண்டுச் சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும் சார்."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

கிழித்த லெட்டரைக் குப்பைக் கூடையில் போடக் குனிந்தவர், உள்ளே கிடந்த ஒட்டு வயரைப் பார்த்து வெளியே எடுத்துத் துடைத்தார்.

"இது நல்லா தானே இருக்கு. மச்சான் வீட்டுல லேப்டாப்பை டிவிக்கு மாட்டணும்னான். ஆகும்ல?"

நசுங்கிய முனையை வேதா ஒரு கணம் பார்த்தாள்.

"தாராளமா ஆகும் சார்" என்றாள்.