என்னவென்று கேட்காமல் கொடுத்த மாப்பு

மக்காவுக்கு உம்ரா போகிறவர்கள் பயணம் சொல்ல வருவது யட்டியாந்தோட்டை பஜாரில் புதிதல்ல. புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே வீடு வீடாகப் படியேறி, "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் குத்தம் செஞ்சிருந்தா மாப்பு தாங்க" என்று கையைப் பிடிப்பார்கள். முஸ்லிம் வீடு, தமிழ் வீடு, சிங்கள வீடு என்று பார்ப்பதில்லை. என்ன குற்றம் என்று யாரும் திருப்பிக் கேட்பதும் இல்லை, கேட்டால் மரியாதை இல்லை. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லி, ஒரு பிளேன்டீயும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சுமித்ராவும் அப்படித்தான் கொடுத்தாள். கொடுத்துத் தொலைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளிடம் மாப்பு கேட்டது வேறு யாருமில்லை, அவள் வேலை செய்யும் தையல் கடைக்காரி ஷிப்னா ராத்தா, பஜார்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அக்கா முறை. றப்பர் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவு லயத்து வீட்டிலிருந்து இறங்கி, ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு அந்தக் கடையில் சேர்ந்தவள் சுமித்ரா. பித்தான் தைப்பதில் தொடங்கினாள். இப்போது கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டுவது அவள், அளவு எடுப்பது அவள், கல்யாணப் பெண்கள் தேடி வருவதும் அவளைத்தான். ராத்தாவுக்குக் கை மூட்டெல்லாம் வீக்கம், ஊசியில் நூல் கோர்க்கவே இரண்டு தடவை கண்ணைச் சுருக்க வேண்டும். ஆனால் வாய் மட்டும் தேன். "எனக்கு அல்லாஹ் பொம்புளப் புள்ள தரல்ல. இந்தா, தந்திருக்கிறானே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சுமித்ராவைக் காட்டுவாள். பெருநாள் வந்தால் அவளுக்கும் ஒரு சட்டை. தீபாவளி வந்தால் வட்டிலப்பம். சுமித்ராவும் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? பெற்ற தாய் இராஜம்கூட பால்வெட்டு முடிந்து வந்த களைப்பில் அவளை ஏசியிருக்கிறாள், ராத்தா ஒருநாள் ஏசியதில்லை.

சுமித்ராவுக்கு ஒரே குறை, கல்யாணம் கூடி வரவில்லை என்பதுதான். முதலில் வந்தது கலவானை மாப்பிள்ளை. நிரஞ்சன் என்று பெயர், கொஞ்சம் தேயிலைக் காணி இருந்தது. பெண் பார்க்க வந்தவன் அவளுடைய சட்டைக் கையையே பார்த்துவிட்டு, "இத நீங்களே தைச்சதா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியிலேயே அவளுக்குப் பிடித்துப் போயிற்று. திகதி குறிக்கிற நேரத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. பிறகு எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒரு சம்பந்தம், அதுவும் அப்படியே. கோயில் ஐயா ஜாதகக் கட்டத்தைப் பார்த்து, "செவ்வாய் கொஞ்சம் குறுக்கா நிக்குது" என்றார். அன்றிலிருந்து ஆத்தாளும் மகளும் செவ்வாய்க்கிழமை விரதம். எத்தனை வருஷம்! வெயில் காய்ந்தாலும் களனி கங்கை பெருகிக் கடை வாசலுக்கு வந்தாலும் செவ்வாய்க்கிழமை விரதம் தவறாது. மத்தியானம் அவள் முகம் வாடுவதைப் பார்த்து ராத்தாதான் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுப்பாள்.

"எங்கட நோன்புக்குத்தான் தண்ணி கூடாது. நீ குடி மகள். உனக்கும் ஒரு வழி பொறக்கும்."

அந்தத் தண்ணீரை நினைத்தால்தான் இதைச் சொல்கிற எனக்கே இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பயணத்துக்குக் கிட்டிய ஒரு பகலில், கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்துவிட்டு, ராத்தாவுக்கு வெள்ளை ஹபாயா அங்கி தைத்துக்கொண்டிருந்தாள் சுமித்ரா. கூலி வேண்டாம், இது என்னுடைய பங்கு என்று சொல்லித் தைத்தாள். ராத்தா முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். முகம் சரியில்லை. உம்ரா வகுப்பில் மௌலவி சொன்னதைச் சொன்னாள். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்துக்கு அழுது தௌபா கேட்டால் அவன் மன்னிப்பான், மனுஷருக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷர் மன்னித்தால்தான் உண்டு, இல்லையென்றால் கஃபாவைச் சுற்றி வந்தாலும் அது கழுத்தில்தான் கிடக்கும் என்றாராம்.

"அதனாலதான் கேக்குறன். எனக்கு மாப்பு தந்திடு மகள்."

சுமித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன ராத்தா நீங்க? எனக்கு என்ன செஞ்சீங்க? அன்னைக்கு என் டிபன் கறியை எடுத்துச் சாப்பிட்டதுக்கா?"

"வெளையாடாத. வாயால செல்லு."

"குடுத்துட்டேன்."

"தெரியாததுக்கும் சேத்து?"

"தெரிஞ்சது, தெரியாதது, இனிமே செய்யப் போறது, எல்லாத்துக்கும் சேத்துக் குடுத்துட்டேன். போதுமா? கையைத் தூக்குங்க, அக்குள் பிடிக்குதான்னு பாக்கணும்."

ராத்தா கையைத் தூக்கவில்லை. அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். மாப்பு கைக்கு வந்துவிட்ட தைரியம் அவளைப் பேச வைத்தது.

"இனி மறைக்க ஒண்ணுமில்ல. கலவானை ஆக்கள் உன்னைப் பத்தி விசாரிக்க இந்தக் கடைக்குத்தான் வந்தாங்க மகள். மாப்பிள்ளையிட உம்மாவும் மாமாவும். நல்ல புள்ள எண்டுதான் செல்லினன். பொறகு… சின்ன வயசுல இருந்து வலிப்பு வாறது, அது மட்டும்தான் குறை எண்டு செல்லிட்டன்."

சுமித்ராவின் கால் மெஷினின் மிதியிலேயே நின்றுவிட்டது.

"யாருக்கு வலிப்பு?"

"ஷைத்தான் என்ட நாக்குல இருந்தான் மகள். ஸ்கூல் சீருடை ஓடர் எல்லாம் எடுத்து வச்சிருந்தன். என்ட கையும் விழுந்துபோச்சு. நீயும் கலவானைக்குப் போனா கடையை இழுத்து மூடணும். அந்த நேரம் எனக்கு வேற ஒண்ணும் ஓடல்ல."

ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை கோயில், எத்தனை அபிஷேகம்! வானத்தில் கிடக்கிற செவ்வாயைச் சுமித்ரா கும்பிட்டுக் கொண்டிருந்தாள், குறுக்கே நின்றது முக்காலியில் உட்கார்ந்து தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்திருக்கிறது.

"எம்பிலிப்பிட்டியக்காரங்க வந்தப்பவும் சொன்னீங்களா?"

ராத்தா நூல்கண்டுத் தட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு தடவை நாக்கு தவறியது என்றால்கூட மனசு எப்படியாவது சமாதானம் தேடும். திரும்பவும் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு வந்து, அவள் உச்சந்தலையைத் தடவி, "கவலப்படாத மகள்" என்றிருக்கிறாள்.

"நான் குடுத்த மாப்பைத் திருப்பிக் குடுங்க."

"அனே! அது திருப்பி எடுக்குற சாமான் இல்ல மகள். நீ செல்லினதை அல்லாஹ் கேட்டுட்டான்."

"கடையில துணியைக்கூட பிடிக்கலைன்னா மாத்தித் தர்றீங்க. என்னன்னு சொல்லாம வாங்கினதை மட்டும் தர மாட்டீங்களா?" அதோடும் விடவில்லை. "சரி, வச்சுக்கங்க. இப்பவே கலவானைக்குப் போன் போடுங்க. நான் சொன்னது பொய், அந்தப் புள்ளைக்கு ஒரு நோயும் இல்லைன்னு சொல்லுங்க. எங்கம்மாகிட்டயும் சொல்லுங்க."

"அவனுக்கு இப்ப கல்யாணம் முடிஞ்சி புள்ளையும் ஈக்கி. செல்லி என்னத்த?"

"அவரு எனக்கு வேணாம் ராத்தா. என் பேரு வேணும்."

ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மௌலவியிடம் கேட்டாளாம். போய்ச் சொன்னால் இன்னும் பிரச்சினை பெருகும் என்றால், சொல்லாமலே அந்த ஆளுக்காக துஆ கேட்டு வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னாராம்.

"அவருகிட்ட என்ன சொன்னீங்க? கல்யாணத்தைக் கலைச்சேன்னு சொன்னீங்களா?"

"ஒரு ஆளைப் பத்தி புறம் பேசிட்டன் எண்டு செல்லினன்."

அவ்வளவுதான்! மௌலவியிடமும் அரைகுறை, இவளிடமும் அரைகுறை. அல்லாஹ்விடம் போகும்போது மட்டும் முழுசாகப் போக வேண்டுமாம்.

"பயணம் முடிச்சிட்டு வந்து எல்லாருக்கும் செல்றன். இப்ப என்ட புருஷர் அறிஞ்சா என்னை வேனில ஏத்த மாட்டார். சத்தியமா வந்து செல்றன்."

சுமித்ரா ஹபாயாவின் மிச்சத் தையலையும் தைத்து முடித்தாள். ஏன் தைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பழகிய கை, பாதியில் விடத் தெரியவில்லை.

வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய வாய் சொல்லட்டும் என்று ஒரு வீம்பு. ராத்தா புறப்படுகிற அன்று காலையில் இராஜம் பால்வெட்டுக்குப் போகாமல் நல்ல சேலை கட்டிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு பஜாருக்கு இறங்கினாள். ராத்தா வீட்டு வாசலில் வேன் நின்றது. சொந்தக்காரர், பக்கத்துக் கடைக்காரர் என்று ஒரே கூட்டம். ராத்தாவின் புருஷர் புவாட் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை ஹபாயாவில் ராத்தா புது மனுஷியாகத் தெரிந்தாள். தையல் அப்படிப் பொருந்தியிருந்தது.

இராஜம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தாள்.

"தங்கச்சி, அங்க போய் எனக்காக ஒண்ணே ஒண்ணு கேளுங்க. எங்க சாமிகிட்டக் கேட்டு ஓஞ்சு போச்சு. உங்க அல்லாகிட்ட எம் புள்ளைக்கு ஒரு வழி காட்டச் சொல்லுங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

ராத்தாவின் கண் இராஜத்தின் தலைக்கு மேலாக சுமித்ராவைத் தேடியது. சுமித்ராவும் பார்த்தாள். சொல்லுங்க. இப்ப சொல்லுங்க. ஒரு வார்த்தை. மனசுக்குள் கெஞ்சினாள்.

"கேக்குறன் இராஜம் அக்கா. கட்டாயம் கேக்குறன்."

சொல்லிவிட்டு ராத்தா வேனில் ஏறினாள். கூட்டம் ஸலாம் சொன்னது. வேன் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை இராஜம் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். "தங்கமான பொம்பளை" என்றாள். சுமித்ரா வீதியோரத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு கடையைத் திறந்தாள், மூடினாள். வந்தவர்களுக்கு அளவு எடுத்தாள். முக்காலியை மட்டும் பின்பக்கத்து அறையில் தூக்கிப் போட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பௌர்ணமி, போயா லீவு. கடை இல்லை. லயத்து வாசலில் ஆத்தாளும் மகளும் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது, வீடியோ அழைப்பு. திரையில் ராத்தாவின் முகம், பின்னால் வெள்ளை வெள்ளையாக ஆள், அதற்கும் பின்னால் கறுப்பாகக் கஃபா. இராஜம் பதறிக்கொண்டு எழுந்து, போனைப் பார்த்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராத்தா தேம்பித் தேம்பி அழுதாள். "மகள், கஃபாவைக் கண்டதும் முதல் துஆ உனக்குத்தான் கேட்டன். உனக்கு நல்ல மாப்பிள்ளை கிடைக்கணும் எண்டு. நான் செஞ்சது எல்லாத்தையும் அல்லாஹ்கிட்ட ஒண்ணும் மறைக்காம செல்லிட்டன். மனசு லேசாப் போச்சு மகள்."

மனசு லேசாகப் போயிற்றாம். சுமித்ரா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுகை பொய்யில்லை, அது அவளுக்கும் தெரிந்தது. அதனால்தான் கூடுதலாக வலித்தது.

"அல்லாவுக்கு நீங்க சொல்லித்தான் தெரியணுமா ராத்தா? நீங்க கலவானைக்காரங்ககிட்டச் சொன்ன அன்னைக்கே அவருக்குத் தெரியும். தெரியாதது எங்கம்மாவுக்குத்தான். இந்தாங்க, பக்கத்துலதான் இருக்காங்க."

போனை இராஜத்தின் கையில் கொடுத்தாள்.

"என்ன தங்கச்சி? எனக்கு என்ன தெரியாது?" இராஜம் ஒன்றும் புரியாமல் சிரித்த முகத்தோடு திரையைக் கிட்டப் பிடித்தாள்.

ராத்தா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. "இராஜம் அக்கா…" என்றாள். பின்னால் கூட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படம் ஆடியது, திரை கறுத்தது.

"சிக்னல் போயிருச்சு போல. பாவம், அங்கயும் கவரேஜ் இல்லையோ என்னமோ" என்றாள் இராஜம்.

"சிக்னல் போகலைம்மா. வெட்டிட்டாங்க."

சுமித்ரா எழுந்து உள்ளே போனாள். ராத்திரிக்கென்று மூடி வைத்திருந்த சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, கோப்பையைக் கொண்டுவந்து தாயின் முன்னால் வைத்தாள்.

"என்னடி இது? இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒனக்காகத்தானே விரதம் இருக்கேன்."

"சாப்பிடுங்கம்மா. செவ்வாய் ஒண்ணும் செய்யலை. மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் சொல்றேன் யாரு செஞ்சாங்கன்னு."