முன்சக்கரம் நின்ற காலை

சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ருக்மணி எட்டிப் பார்த்து, "பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேல?" என்றாள். பின்னே யார் செய்வார்கள்? இரண்டு மாதமாக என் சைக்கிள் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. என் அண்ணன் ராஜப்பன் கம்பெனி வேனில் ராஜா மாதிரி போய் வருகிறான். தங்கையின் சைக்கிளைத் திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

அவன் பார்க்கும் வேலை எனக்கு வர வேண்டியது. சிப்காட் தொழிற்பேட்டைக்காக எங்கள் கேழ்வரகுக் கொல்லையை எடுத்தபோது, அங்கே வந்த கம்பெனி, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றது. அப்பா சாவதற்கு முன் என் பெயரைத்தான் கொடுத்தார். பத்தாவது தேறியவள் வீட்டில் நான் ஒருத்திதானே. அண்ணன் அப்போது கிரானைட் பாலிஷ் பட்டறையில் இருந்தான். வரச் சொன்ன நாளில் காலை எட்டு மணிக்குள் நான் கேட்டில் நிற்க வேண்டும். தவறினால் அதே வீட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் தானாகவே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைப் பிரித்துக் கிரீஸ் வைத்து ஓவராயில் செய்தான். "வழியில மக்கர் பண்ணக் கூடாது பாரு," என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், மடச்சி.

மறுநாள் பாதி வழியிலேயே முன்சக்கரம் கரகரவென்று அரைத்தது. மேடு ஏறும்போது அடியோடு நின்றுவிட்டது. உருட்டக்கூட முடியவில்லை. போட்டுவிட்டு ஓடப் புத்தி வரவில்லை, வீட்டில் இருந்த ஒரே சைக்கிள். முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கேட்டில் இருந்த கன்னடக்கார வாட்ச்மேன் பாவமாகப் பார்த்து, "ஆய்த்தம்மா, ஹோகி," என்றார். முடிந்துவிட்டது, போ என்கிறார். அடுத்த வாரமே அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் ராசி அப்படி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இன்று நட்டைத் தளர்த்தி, குண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கோனைத் திருகி எடுத்து, அச்சை உருவினேன். உள்ளே ஒரு பேரிங் குண்டுகூட உருண்டையாக இல்லை. சில உடைந்தே போயிருந்தன. பழைய சைக்கிள், தேயத்தான் செய்யும் என்று எல்லாவற்றையும் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் போட்டு அலசினேன். கிரீஸ் கரைந்ததும் கிண்ணத்தின் அடியில் கறுப்பாக வண்டல் தங்கியது. விரலில் தேய்த்தால் நறநறவென்றது, வெயிலில் மினுக்கியது. எங்கள் ரோட்டுப் புழுதி செம்மண். இது கல்லுக்குப் பாலிஷ் போடும் எமரிப் பொடி. பட்டறைக்குப் போன காலமெல்லாம் அண்ணன் சட்டையைத் துவைத்தவள் நான். எத்தனை அலசினாலும் வாளியின் அடியில் இதுதான் கிடக்கும்.

கருங்கல்லையே தேய்க்கிற பொடியைக் கிரீஸில் குழைத்து என் சக்கரத்தில் அடைத்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஒருவேளை கொடுத்தும் இருப்பேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவன் முன்னால் கிண்ணத்தை நீட்டினேன்.

"இது எப்படிண்ணா உள்ள போச்சு?"

அவன் கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "பட்டறையில இருந்து வந்து அப்படியே கைய வெச்சேன். கையில ஒட்டியிருந்திருக்கும்."

"இத்தனையுமா கையில ஒட்டும்?"

"வேணும்னு யாராச்சும் பண்ணுவாங்களா? உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

நம்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நம்பத்தான் ஆசையாக இருந்தது. அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாதடி முனிலட்சுமி, ருக்மணி காதுல வுழும். நீ நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறவ. எனக்குக் கஞ்சி ஊத்தப் போறவன் இவன்தான?" குரலை இன்னும் தாழ்த்தினாள். "அன்னிக்கு நீ கெளம்பிப் போனதுல இருந்து எனக்கு உசுரே இல்ல. சக்கரம் திடீர்னு நின்னு நீ கீழ வுழுந்துருவியோன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணனிடம் கேட்க எவ்வளவோ வைத்திருந்தேன். ஆனால் சக்கரம் நிற்கும் என்று நான் கிளம்பும்போதே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவின் பிடியிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன்.