எங்களை எதிர்ப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்

"அங்கிள், உங்க சட்டை பளிச்சுனு இருக்கு. எதிர்ப்புப் பக்கம் ரெண்டாவது வரிசைக்கு வந்துடுங்க" என்றாள் காதில் ஒயர் மாட்டியிருந்த பெண். எதை எதிர்க்க வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் அண்ணன் வந்து சொல்வாரு" என்று என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள். என் பேரனுடைய சட்டையும் பளிச்சென்று இருந்ததால் அவனும் எதிர்ப்பாளன் ஆனான். பக்கத்து வீட்டு லேத்துக்கு, அதாவது லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பனுக்கு, வெளுத்துப்போன சட்டை. அவனை ஆதரவுப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு மனிதனுக்கு ஒரு கொள்கை வேண்டும். என் கொள்கை குளிர்சாதனம். தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்கள் தேவைப்படும்போதெல்லாம் அவர்களுடைய வேன் எங்கள் பூங்கா வாசலுக்கு வரும். நடைப்பயிற்சி முடித்த கையோடு நாங்கள் ஏறிக்கொள்வோம். பனிக்கரடி வந்தால் போர்வை கேட்கிற அளவுக்கு அரங்கம் குளிரும். சொன்னபோது கை தட்டினால் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு. ஒரு முறை மாமியார்களை எதிர்த்து நான் தட்டிய தட்டில் உள்ளங்கை பூசணிக்காயாக வீங்கி, மோதிரத்தைக் கழற்ற ரம்பம் தேவைப்பட்டது. இந்தத் தடவை வேன் வந்த அன்றைக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் சும்மா கிடக்கிறானே என்று பேரனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

போன வருஷம் வரை அவன் எனக்குப் பேத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் சோபாவில் உட்கார வைத்து, தான் பையன் என்றும், பல வருஷமாக அப்படித்தான் என்றும் சொன்னான். என் மகள் அழுதாள். மருமகன் மொட்டை மாடிக்குப் போய், இல்லாத தண்ணீர்க் கசிவைத் தேடினார். பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார்கள். எனக்குப் புரிந்ததா என்று கேட்டால், மைக்ரோவேவ் அடுப்பு எந்த அளவுக்குப் புரிந்ததோ அந்த அளவுக்குப் புரிந்தது. ஆனாலும் தினமும் அதில்தான் பால் சுட வைக்கிறேன். வெளியே லேத்துக்கு மட்டும் அவனே சொல்லியிருந்தான்; பள்ளியில் இன்னும் யாருக்கும் தெரியாது. யாரிடம், எப்போது சொல்வது என்பது அவன் இஷ்டம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருந்தோம்.

முகத்தில் அரை மூட்டை பவுடரோடு தொகுப்பாளர் அண்ணன் வந்தார். விளக்குகள் எரிந்தன. "பதினெட்டு வயசுக்குள்ள ஒரு புள்ள, நான் ஆணா பொண்ணான்னு தானே முடிவு பண்ணலாமா?" என்று முழங்கினார். அதுவரை ஆடிக்கொண்டிருந்த பேரனுடைய கால் நின்றுவிட்டது.

"போயிடலாமாடா?" என்றேன்.

"இப்ப எழுந்தா எல்லாரும் பார்ப்பாங்க. பேசாம இருங்க தாத்தா."

பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவனுக்குத் தெரியும். இருந்தேன். எங்களுக்கு முன் வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா மைக்கை வாங்கினார். குரல் கணீரென்றுதான் கிளம்பியது. "இந்த வயசுல எல்லாமே மாறும் சார். என் பொண்ணு ஒரு வருஷம் கிடார்னா, அடுத்த வருஷம் கராத்தேன்னா. நாளைக்கு மனசு மாறினா யார் பதில் சொல்றது?" நாங்கள் தட்ட வேண்டிய இடம் அது. ஆனால் அவர் உட்காரவில்லை. "இப்ப அவ ரூம் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கா. தட்டினா திறக்கறதில்ல" என்றார். ஒயர்ப் பெண் கையை உயர்த்தியும் யாரும் தட்டவில்லை. எதிரில் ஒரு கல்லூரிப் பிள்ளை எழுந்து, "எங்களைப் பத்தி ஊரே பேசுது, எங்ககிட்டதான் யாரும் பேசறதில்ல" என்றது. உடனே ஒரு மருத்துவரும் ஒரு வக்கீலும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்ததில் அதுவும் அமுங்கிப்போனது.

இடைவேளையில் வந்தது வினை. லேத்துக்கு மனசு தங்கம், வாய் மட்டும் திறந்துவிட்ட குழாய். பெருமை தாங்காமல் ஒயர்ப் பெண்ணிடம், "எங்காளோட பேரனே அப்படித்தாம்மா. என்ன அருமையான புள்ள தெரியுமா!" என்று சொல்லித் தொலைத்தான். அந்தப் பெண் ஓடிப்போய் அண்ணன் காதில் ஓதுவதை நான் பார்த்தேன்.

"நம்ம நடுவுல இன்னிக்கு ஒரு சின்ன ஹீரோ இருக்காரு" என்று அண்ணன் குரலைக் குழைத்தார். "தாத்தாவோட வந்திருக்காரு. எழுந்திருங்க தம்பி!" கிரேனில் தொங்கிய கேமரா ஒட்டகச்சிவிங்கி மாதிரி எங்கள் வரிசையை நோக்கிக் கழுத்தை நீட்டியது. பேரன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் விரல்கள் அந்த அரங்கத்தைவிடச் சில்லென்று இருந்தன. "வேணாம் தாத்தா. என் கிளாஸே இந்த ப்ரோக்ராம் பார்க்கும்."

நான் எழுந்து மைக்கைப் பறித்தேன். "அந்த ஹீரோ நான்தான் சார்."

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன் நான். வண்டி வராத நேரத்தில் ஜனங்கள் கண்ணாடியை உடைக்காமல் பார்த்துக்கொள்வது என் தொண்டையின் பொறுப்பு. ஆரம்பித்தேன். நான் பிறந்தபோது என் எடையைப் பார்த்து நர்ஸ் மயங்கி விழுந்தது, அவரைத் தூக்கியதே நான்தான் என்பது, பிறகு என் மீசை.

"சார், பேரனைப் பத்தி..." என்றார் அண்ணன்.

"அதுக்குத்தான் சார் வரேன். நடுவுல என் கல்யாணம் ஒண்ணு இருக்கு."

என் மீசையைப் பார்த்து மிரண்ட பெண் வீட்டு நாய் என்னைத் துரத்த, நான் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற, நாய் இறங்க விடாததால் பெண், பெற்றோர், விருந்தாளிகள் எல்லோரும் ஏணி போட்டு மேலே வந்து தொட்டிமேலேயே கல்யாணம் நடந்ததைச் சொன்னேன். ஆதரவும் எதிர்ப்பும் சேர்ந்து சிரித்தன. வக்கீலுக்குப் புரையேறியது. அண்ணன் மைக்கை இழுத்தார்; நான் விடவில்லை. கடைசியில் மேலேயிருந்து ஒரு குரல், "கட்! இதைத் தூக்கிடலாம். நேரம் முடிஞ்சுது" என்றது.

"இனிமே நீங்க வர வேண்டாம் பெரியவரே" என்றார் அண்ணன், பவுடர் வெடிக்க. கிளம்பும்போது குளிர்சாதனத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். பரவாயில்லை, பூங்காவில் மரம் இருக்கிறது.

பின்பக்கப் படிகளில் பொட்டலத்தோடு உட்கார்ந்தோம். "கல்யாணம் நெஜமாவே தொட்டி மேலயா?" என்றான் பேரன்.

"பாட்டி காதுல மட்டும் போட்டுடாதே."

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி அம்மா வந்து நின்றார். முன் வரிசைக்காரர், அவன் என்னிடம் கெஞ்சியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "தம்பி, இங்க கேமரா எதுவும் இல்ல. உனக்கு இஷ்டம் இல்லன்னா நான் போயிடறேன். என் பொண்ணு கதவைத் திறக்கணும்னா நான் என்ன கேக்கணும்? அதுவே எனக்குத் தெரியல."

பேரன் பொட்டலத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "தாத்தா, நீங்க போய் லேத்துத் தாத்தா கூடச் சாப்பிடுங்க" என்றான்.

படிகளுக்குக் கீழே நின்ற வேனுக்குத் துரத்தப்பட்டேன்; லேத்து அதில் ஏறியிருந்தான். வேன் ஓட்டுநர் ஹாரனில் கை வைக்கப் போக, அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். லேத்து வாயைத் திறந்தான். நான் முறைத்ததும் மூடிக்கொண்டான். என் காதுக்கு ஒரு சொல்கூட எட்டவில்லை. படியில் பேரன் நகர்ந்து இடம் விட்டான். அவர் உட்கார்ந்தார். அவன் ஏதோ சொல்ல, அவர் குறுக்கே பேச வாயெடுத்து, பேசாமல் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவன் இரண்டு கைகளையும் விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். காற்றில் பேரனுடைய பொட்டலத்தின் மேல்காகிதம் கிளம்பி, படிகளில் தத்தித் தத்தி இறங்கி, வேனுக்கு அடியில் போனது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.